சத்தம் போடாத பாடகர்: ஏ.எம். ராஜா

போன மாதம் பெரம்பலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பாட்டுப்போட்டி. என் மகளும் பாடினாள். சுருதி விலகல, தாளம் தப்பல. ஆனால் நடுவர் சொன்னது: "நல்லாத்தான் பாடுற பாப்பா, குரல் எடுபடல. வாயைத் திறந்து சத்தமா பாடணும்." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் கேட்டாள், "எனக்குக் குரலே இல்லையாப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஏ.எம். ராஜாவிடம் போய்ச் சேர்ந்தேன். அப்படி எடுத்த குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். அவருக்கும் கேட்கணும்னா உச்சஸ்தாயியில், முழு மூச்சோடு பாடியே ஆகணும். எஸ்.ஜி. கிட்டப்பா கொடிகட்டிப் பறந்தது அந்தக் காலத்தில். பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அந்த மேடையிலிருந்துதான் சினிமாவுக்கு வந்தார்கள்.

மைக் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. பாடகரின் வாய்க்கும் ரசிகரின் காதுக்கும் இடையே இருந்த தூரம் போய், வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம்தான் தூரம் என்று ஆயிற்று. காதருகே பேசுகிற மாதிரி பாடினாலும் ஊருக்கே கேட்கும். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி 1930களிலேயே இதைப் பிடித்துக்கொண்டார். பிரேசிலில் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். ஒரு கிட்டார், அசைவே இல்லாத பேச்சுக் குரல். அந்தப் பாணிக்குப் பேர் போசா நோவா. அவருடைய முதல் எல்.பி. ரெக்கார்டு வந்தது 1959இல். 1963இல் நியூயார்க்கில் நடந்த ஒரு ஒலிப்பதிவில், தொழில்முறைப் பாடகியாக இல்லாத அவர் மனைவி ஆஸ்ட்ரூட் மெல்லிய குரலில் பாடிய இபனேமா பெண்ணைப் பற்றிய பாட்டு, கிராமி விருது வரைக்கும் போனது.

அதே 1959இல்தான் இங்கே 'கல்யாண பரிசு' வந்தது. ரெண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரே கருவி கைக்குக் கிடைத்தபோது, உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ராஜா பிறந்தது 1929 ஜூலை 1, சித்தூர் மாவட்டம் ராமாபுரத்தில். தாய்மொழி தெலுங்கு. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். ஜெமினி எஸ்.எஸ். வாசன் 'சம்சாரம்' (1951) படத்தில் பாட வைத்தார். அதற்கடுத்த பத்து வருஷம் அவருடையது. 'குலேபகாவலி'யில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார், 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனுக்குப் பாடினார், இரண்டுமே 1955. ஜெமினிக்கு இவர் குரல் அவ்வளவு பொருந்தியது. கூட நிறைய டூயட் பாடிய ஜிக்கியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

'கல்யாண பரிசு'க்கு இசையும் ராஜாதான். ஸ்ரீதர் இயக்கிய முதல் படம், பாட்டெல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அதில் ஒரு மெட்டு ரெண்டு தடவை வரும். முதலில் பி. சுசீலா குரலில் தீபாவளிக் குதூகலமாக. பிறகு அதே மெட்டு ராஜா குரலில் சோகமாக. ராஜா பாடுவதை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். அழுவது மாதிரி ஒரு இடத்திலும் பாவனை கிடையாது, விம்மல் கிடையாது, குரலை உயர்த்துவதும் கிடையாது. எழுத்துகளைச் சுத்தமாக, அவசரமில்லாமல் உச்சரித்துவிட்டுப் போகிறார். சோகம் நமக்குள்ளே நடக்கிறது. இது மைக் இல்லாமல் சாத்தியமே இல்லாத பாட்டு.

செந்துறைப் பக்கம் வளர்ந்த எனக்கு இந்தக் குரல் சின்ன வயசில் தெரியாது. கோயில் திருவிழாவானால் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். டி.எம்.எஸ்.ஸும் சீர்காழியும் மூணு ஊருக்குக் கேட்பார்கள். குழாய் ஸ்பீக்கர் அடித்தொனியைச் சரியாகத் தராது, நடுத்தொனியையும் மேல்தொனியையும்தான் தள்ளும். கணீர்க் குரலுக்கு அது தோது. ராஜா மாதிரிக் குரலில் பாதி அந்தக் குழாயிலேயே தங்கிவிடும். அவர் ராத்திரி ரேடியோவுக்கான பாடகர். காலேஜ் போன பிறகு, ஹாஸ்டலில் ஒரு நண்பனின் டேப் ரெக்கார்டரில்தான் அவரை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன்.

'தேன் நிலவு' (1961), 'ஆடிப் பெருக்கு' (1962) படங்களுக்கும் அவர்தான் இசை. அதற்குப் பிறகு தமிழில் வாய்ப்புகள் சட்டென்று குறைந்தன. ஏன்? சன்னக் குரல் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளின் கேள்விக்குப் பயந்த பதிலும் அதுதான். ஆனால் அது சரியில்லை. ஜெமினிக்கு அவர் இடத்தில் பாட வந்தவர் பி.பி. ஸ்ரீநிவாஸ், அவரும் மென்குரல்தான்! அதே வருஷங்களில் மலையாளத்தில் ராஜாவை விரும்பிக் கூப்பிட்டார்கள். 'பார்யா' (1962) தொடங்கி 'அடிமகள்' (1969) வரை தேவராஜன் இசையில் அவர் பாடியவை இன்றைக்கும் அங்கே ஓடுகின்றன. அப்படியென்றால் கோளாறு குரலில் இல்லை. வேலையில் கறாரானவர், சமரசம் தெரியாதவர், ஸ்ரீதரோடு மனக்கசப்பு என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். மென்குரல்காரர் ஆனால் வளையாதவர். சாஃப்ட்வேர் வேலையில் இப்படிப்பட்ட ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளில் 'ரங்கராட்டினம்' (1971), 'வீட்டு மாப்பிள்ளை' (1973) என்று திரும்பி வந்தார். பிறகு மேடைக் கச்சேரிகள். 1989 ஏப்ரல் 8 அன்று ஒரு கச்சேரிக்குக் குழுவோடு போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் ஏற முயன்று தவறி விழுந்து இறந்தார். அறுபது வயதுகூட ஆகவில்லை. ஜிக்கி 2004இல் காலமானார்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டி, விளக்கை அணைத்து, அந்த சோகப் பாட்டைப் போட்டேன். முடிந்ததும், "இவரு சத்தமாவே பாடலியேப்பா" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் போட்டியன்று எடுத்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். இவளுக்கு முன்னால் பாடிய பையன் நல்ல உயரம். அவனுக்கு வைத்த மைக்கை யாரும் இறக்கவில்லை. இவள் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு சாணுக்குக் கொண்டுவந்திருந்தாலே 6 டெசிபல் கூடியிருக்கும். அடுத்த தடவை மேடை ஏறினால் முதலில் மைக்கை இறக்கச் சொல்லிக் கேள், அதுக்கப்புறம் பாடு என்று சொல்லியிருக்கிறேன்.