தம்பிக்கு ஒன்றுமில்லை, அண்ணனுக்கு மட்டும் ஏன் அரிப்பு?

வயலுக்குத் தண்ணீர் விட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. தஞ்சோங் காராங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் சைக்கிளில் வயல் பக்கம் போகிறார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கைகளால் துழாவி மீன் பிடிக்கிறார்கள். அண்ணனுக்கு இது மூன்றாவது ஆண்டு. தம்பிக்கு இதுதான் முதல் தடவை.

அன்று இரவே அண்ணனின் புறங்கையிலும் மணிக்கட்டிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. மறுநாள் அவை கடுகு அளவுக்குப் புடைத்து நிற்கின்றன. தாங்க முடியாத அரிப்பு. தம்பியின் கையிலோ எதுவும் இல்லை.

"போன வருஷமும் இதே நேரத்துலதானே வந்துச்சு?" என்கிறார் அம்மா. வயலில் போட்ட உரமாக இருக்குமோ, களைக்கொல்லி மருந்தாக இருக்குமோ என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "நீ ஒழுங்காகக் குளிக்காததால்தான்" என்று அண்ணனுக்குத் திட்டும் விழுகிறது.

மாணவர்களே, இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இதில் உள்ள இரண்டு கேள்விகள் உண்மையானவை. புடைப்புகள் ஏன் குறிப்பிட்ட பருவத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன? ஒரே தண்ணீரில் நின்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது?

நத்தையிலிருந்து கிடைத்த துப்பு

1928ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் வால்டர் கோர்ட் என்ற ஆய்வாளர், ஏரியில் குளிப்பவர்களுக்கு வரும் அரிப்புக்குக் காரணம் என்ன என்பதை வெளியிட்டார். நத்தைகளிலிருந்து வெளிவரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு புழுக்களே காரணம் என்றார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1938இல், அதே போன்ற விடை நம் நாட்டு வயல்களுக்கும் கிடைத்தது. மலாய்க்காரர்களிடையே காணப்பட்ட தோல் அழற்சிக்கு 'ஸ்கிஸ்டோசோமா ஸ்பிண்டேல்' என்னும் புழுவே காரணம் என்று பக்லி என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் எழுதினார். மலாய் மொழியில் நெல் வயலை 'சாவா' என்பார்கள் அல்லவா? அதனால் இதற்குச் 'சாவா அரிப்பு' என்று பெயர் வந்தது. நாம் இதை 'வயல் அரிப்பு' என்று சொல்லலாம்.

மாடு, நத்தை, மறுபடியும் மாடு

இந்தப் புழு மனிதனைத் தேடி வருவதில்லை. அதற்கு வேண்டியது மாடு. வளர்ந்த புழுக்கள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் குடலைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் வாழ்கின்றன. அவை இடும் முட்டைகள் சாணத்தோடு வெளியே வருகின்றன. முட்டை நீளமாக, நூல் நூற்கும் கதிரைப் போல நுனி கூராக இருக்கும். புழுவின் பெயரில் உள்ள 'ஸ்பிண்டேல்' அதைத்தான் குறிக்கிறது.

சாணம் தண்ணீரில் கலந்ததும் முட்டை பொரிந்து, ஒரு சிறு உயிர் நீந்தி வெளியேறுகிறது. அது தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள ஒரு நன்னீர் நத்தையைத் தேடிச் சென்று உள்ளே நுழைகிறது. அங்கே ஒன்று பலவாகப் பெருகுகிறது. சில வாரங்களில் நத்தையிலிருந்து ஆயிரக்கணக்கான புதிய புழுக்கள் வெளிவரத் தொடங்குகின்றன. இவற்றுக்குச் 'செர்க்கேரியா' என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும்.

செர்க்கேரியா எதையும் தின்பதில்லை. நத்தையிடமிருந்து கொண்டுவந்த சேமிப்பை வைத்துக்கொண்டு ஓரிரு நாள்தான் உயிர் வாழும். அதற்குள் அது ஒரு மாட்டின் தோலைக் கண்டுபிடித்தாக வேண்டும். தோலின் சூடும், தோலில் உள்ள கொழுப்புப் பொருள்களும் அதற்கு வழிகாட்டுகின்றன. தோலைத் தொட்டதும் வாலை உதறிவிட்டு உள்ளே துளைத்துச் செல்கிறது.

தவறான வீட்டுக் கதவு

சூடும் கொழுப்பும் மாட்டின் தோலில் மட்டுமா இருக்கின்றன? உங்கள் கையிலும் இருக்கின்றன. செர்க்கேரியா ஏமாந்து உங்கள் தோலுக்குள் நுழைகிறது. ஆனால், மனித உடலில் அதனால் வளர முடியாது. தோலிலேயே செத்துப்போகிறது.

ஆப்பிரிக்காவில் பலரைத் தாக்கும் இதன் உறவினப் புழுக்கள் மனித உடலுக்குப் பழகியவை. அவை இரத்தக் குழாய் வரை சென்று பல ஆண்டுகள் வாழும். மாட்டுக்குரிய புழுவோ நம் தோலோடு நின்றுவிடுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் தொற்றாது.

அப்படியானால் புடைப்பு எங்கிருந்து வருகிறது? அதை உண்டாக்குவது புழு அல்ல, நம் உடல்தான். இங்கேதான் தம்பியின் புதிருக்கு விடை இருக்கிறது.

முதல் முறை புழு நுழையும்போது நம் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு அது புது முகம். பெரும்பாலும் லேசான நமைச்சலோடு போய்விடும். சிலருக்கு அதுவும் தெரியாது. ஆனால், உடல் அந்த அந்நியனை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்கென எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. அடுத்த முறை அதே புழு நுழைந்தால் தோலில் உள்ள காவல் அணுக்கள் உடனே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதனால் அரிப்பும் சிவப்பும் உண்டாகின்றன. பிறகு வெள்ளை அணுக்கள் திரண்டு வர, அந்த இடம் புடைத்துக்கொள்கிறது.

ஆகவே, அண்ணன் தம்பியைவிட அழுக்கானவன் அல்லன். அவனுடைய தோல் அந்தப் புழுவை முன்பே சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். தம்பியின் கையில் ஒன்றும் இல்லை என்பதால் தண்ணீரில் புழு இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. அவன் உடல் இப்போதுதான் பாடம் படிக்கத் தொடங்கியிருக்கலாம்.

பருவம் எப்படி வந்தது?

கோல சிலாங்கூர் முதல் சுங்கை பெசார் வரையிலான கடலோரச் சமவெளியில் நெல் வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் அருகருகே கிடக்கின்றன. பெர்னாம் ஆற்றின் நீர் தெங்கி ஆற்றின் வழியாக வாய்க்கால்களுக்கு வந்து வயல்களில் பாய்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம். வயல் காயும்போது நத்தைகள் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். தண்ணீர் வந்ததும் வெளியே வந்து முட்டையிட்டுப் பெருகும். பக்கத்தில் மேயும் மாடுகளின் சாணமும் அந்தத் தண்ணீரில் கலந்தால் புழுவின் சுற்று முழுமை பெறுகிறது. நத்தை பெருகிய நேரத்தில் நாமும் களை பறிக்கவோ மீன் பிடிக்கவோ தண்ணீரில் இறங்குகிறோம்.

நத்தை, மாடு, தேங்கிய நீர், மனிதனின் கை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சந்திப்பதையே நாம் 'பருவம்' என்கிறோம். நாள்காட்டியில் உள்ள மாதத்தைவிட வயலில் உள்ள தண்ணீர்தான் முக்கியம்.

எல்லாப் புடைப்பும் வயல் அரிப்பா?

இல்லை. அறிவியல் மாணவர் முதலில் செய்ய வேண்டியது கவனிப்பது. தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் புடைப்பு இருந்து, தண்ணீர் எட்டாத இடத்திலும் பூட்ஸ் மூடிய இடத்திலும் இல்லை என்றால் வயல் அரிப்பாக இருக்கலாம். விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசி போன்ற நீர்க்கொப்புளங்கள் அடிக்கடி வந்து போனால் அது ஒருவகைக் கரப்பானாக இருக்கலாம். வெப்பமான காலத்தில் சிலருக்கு அது கூடும். விரல் இடுக்குகளில் வந்து, இரவில் அதிகமாக அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவினால் சிரங்காக இருக்கலாம். கோடு இழுத்ததுபோல் எரிந்து சிவந்தால், இரவில் விளக்கைத் தேடி வரும் 'செமுட் சார்லி' வண்டின் நஞ்சு பட்டிருக்கலாம். எதுவென்று மருத்துவரே உறுதி செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

வயல் நீரில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸும் நீண்ட கையுறையும் அணியுங்கள். கரையேறியதும் உடனே துண்டால் அழுத்தித் துடையுங்கள். ஈரம் தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். தோலில் தங்கும் நீர்த்துளியில் புழு இன்னும் உயிரோடு இருக்கும். பிறகு சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புடைப்பு வந்துவிட்டால் சொறியாதீர்கள். நகம் பட்டுத் தோல் கிழிந்தால் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் கலமைன் லோஷனும் அரிப்பைத் தணிக்கும். பொதுவாக ஓரிரு வாரங்களில் தானே மறையும். சீழ், காய்ச்சல், வீக்கம் இருந்தால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, களைக்கொல்லியால் கழுவுவது போன்ற வைத்தியம் வேண்டவே வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும்.

மாடு வளர்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: மாட்டை வாய்க்காலில் இறக்காமல், சாணத்தை நீர்க்கரையிலிருந்து தள்ளிக் குவித்தால் புழுவின் சுற்று அங்கேயே அறுந்துபோகும். மாட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அடுத்த போகத்தில் அந்தத் தம்பி மறுபடியும் மீன் பிடிக்கப் போவான். இந்த முறை அவன் கையிலும் புடைப்பு வரலாம். அப்போது அவனைத் திட்டுவதற்கு முன், தண்ணீர் எது வரை பட்டது என்று கேளுங்கள். வயலில் நத்தை இருந்ததா, அருகில் மாடு மேய்ந்ததா என்று போய்ப் பாருங்கள்.