பெண் யார் வீட்டுப் பிள்ளை?

பெண் பிறந்தால் சில வீடுகளில் முகம் வாடுகிறது. "இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே" என்கிறார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தானா?

மேகாலயா மலைகளில் காசி இன மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான் வரும். குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேரும். அவள் கணவர் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வார். வயதான பெற்றோரை அவள் பார்த்துக்கொள்வாள். அதனால் பெண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆனால் அங்கும் ஒரு குறை உண்டு. ஊர்ச் சபை நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது.

குழந்தை எங்கும் குழந்தைதான். அதை மதிப்பதும் தாழ்த்துவதும் ஊர் வழக்கம். வழக்கத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். மாற்றவும் மனிதர்களால் முடியும். உங்கள் வீட்டில் எந்த வழக்கம் மாற வேண்டும்? கூடிப் பேசுங்கள்.