பத்து கிலோமீட்டருக்கு ஒரு வானொலி

எங்கள் வானொலியின் குரல் சுமார் 10 கிலோமீட்டர்தான் போகும். 100 வாட் சக்தி, 30 மீட்டருக்கு மேல் உயராத கோபுரம். சமுதாய வானொலிக்கு அரசு வகுத்திருக்கும் அளவு அது. தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கே சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடத்துகிறேன். சம்பளம் கிடையாது. தஞ்சை வட்டாரத்தில் பாட்டுக் கட்டுகிறவர்களையும் கூத்தாடுகிறவர்களையும் தப்படிக்கிறவர்களையும் தேடிப் போய்ப் பதிவு செய்வதுதான் வேலை.

இப்படி ஒரு வானொலி நடத்தும் உரிமை எளிதில் வந்ததல்ல. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் கழித்தே, 2002 இறுதியில், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் கதவு திறந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவானதாக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி.

ஒருமுறை நடவுப் பாட்டுக்காக ஒரு பெரியம்மாவை நிலையத்துக்கு அழைத்து வந்தோம். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மைக்கை முன்னால் வைத்தோம். பாட்டு வரவில்லை. "நாற்காலில உக்காந்தா எப்படிய்யா வரும்? குனிஞ்சு நாத்தக் கையில எடுத்தா தானா வரும்" என்றார். மறுவாரம் அவர் ஊர் வயலுக்கே போனோம். வரப்பில் நின்று பிடித்தேன். சேற்றில் கால் வைக்கும் சத்தம், நடுவே ஒரு காக்கை, பின்னாலேயே நான்கு பெண்களின் குரல். பாடிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "இப்ப நடவு மெசினு வந்துடுச்சுய்யா, எங்களுக்கு வேலை பாதியாப் போச்சு. கடமடைக்குத் தண்ணியும் நேரத்துக்கு வரல" என்று பேசத் தொடங்கிவிட்டார். அதையும் வெட்டாமல் ஒலிபரப்பினோம்.

அன்று வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, பாட்டைப் பற்றியவை. எங்கள் ஊரில் இதே மெட்டுக்கு வேறு அடி உண்டு என்றார் ஒருவர். மீதிப் பாதி, வாய்க்காலைப் பற்றியவை. கலை, பண்பாடு, நடப்பு என்று நிகழ்ச்சி அட்டவணையில் தனித்தனிக் கட்டம் போடலாம். ஊரில் அவை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

பாம்பனில் மீனவச் சமூகம் நடத்தும் கடல் ஓசை எஃப்.எம். இதற்கு நல்ல சான்று. 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிக்கிறது. பாட்டும் பேச்சும் போகும் அதே வானொலியில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் சொல்கிறார்கள். 'சமுத்திரம் பழகு' என்ற நிகழ்ச்சியில் பருவநிலை மாற்றத்தைப் பேசினார்கள். காற்று மாறியதையும் மீன் குறைந்ததையும் தம் கண்ணால் கண்ட மீனவர்களே அதில் பேசியதால் அந்தப் பேச்சுக்கு எடை வந்தது. தெலங்கானாவின் மாச்சனூர் கிராமத்தில், 2008இல் தொடங்கிய சங்கம் ரேடியோவைத் தலித் பெண்கள் நடத்துகிறார்கள். சிறுதானிய விதையைப் பற்றிய அறிவும் பழைய பாட்டும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

ஆனால் உள்ளூர்ச் செய்தியை நாங்களே திரட்டி வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை ஒலிபரப்பலாம். வானிலை, திருவிழா, தேர்வு, வேலைவாய்ப்பு, மின்தடை அறிவிப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். எங்கள் ஊர் கிராம சபையில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்பதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. டெல்லியில் நடந்தது என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வானொலியில் கிடைக்கிறது, பக்கத்துத் தெருவில் நடந்தது கிடைப்பதில்லை. 2024இல் வந்த திருத்தம் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தி வருமானத்துக்கு வழி செய்தது. செய்திக்கு வழி திறக்கவில்லை. வதந்தி பரவும் என்ற அச்சம் சொல்லப்படுகிறது. வதந்தி கைப்பேசியில் ஏற்கெனவே பரவிக்கொண்டுதான் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் மறுநாள் வாசலில் வந்து கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் நாங்கள். இதைவிட வலுவான கட்டுப்பாடு வேறென்ன வேண்டும்?

ஊரின் பாட்டை நம்பி ஒப்படைத்த அரசு, ஊரின் செய்தியையும் நம்பி ஒப்படைக்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு அருகில் சமுதாய வானொலி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், உங்கள் வீட்டில் பாட்டு தெரிந்த பெரியவரை அழைத்துக்கொண்டு இந்த மாதமே ஒருமுறை போய்வாருங்கள்.