மூன்றாம் மாடிக்கு யார் பொறுப்பு?

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள ஒரு கடைத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். கீழே உணவகம். முதல் மாடியில் காப்புறுதி அலுவலகம். இரண்டாம் மாடியில் வழக்கறிஞர். மூன்றாம் மாடியில் டியூஷன் வகுப்பு. ஏறி இறங்குவதற்குப் படிக்கட்டு ஒன்றுதான். திடீரென்று தீ எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. "யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் சொல்வார். "கட்டட உரிமையாளர் பார்த்துக்கொள்வார்" என்பார் இன்னொருவர். யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரே முதலாளியின் கீழ் இயங்கும் தொழிற்சாலையில் இந்தக் குழப்பம் குறைவு. பலர் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில்தான் எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையுமில்லாமல் போகிறது.

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே ஆட்கள் களத்தில் கூடுவார்கள். பெயர் கூப்பிடப்படும். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரைக்கு யார் போகிறார் என்பதெல்லாம் மண்டோருக்கு அத்துப்படி. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டணத்து அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். ஆனால், அவர்கள் இருக்கும் கட்டடத்தில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆபத்து நேரத்தில் மீட்புப் படை கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான்.

பொறுப்பை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தால் என்ன பலன் என்பதற்கு நியூயார்க் உலக வர்த்தக மையம் உதாரணம். பல நிறுவனங்கள் பகிர்ந்துகொண்ட கட்டடம் அது. 1993-இல் அங்கு குண்டு வெடித்த பிறகு, மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா ஊழியர்களுக்குத் தொடர்ந்து வெளியேறும் பயிற்சி அளித்தார். வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி பக்கத்துக் கோபுரம் தாக்கப்பட்டபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பை மீறித் தம் மக்களை அவர் கீழே இறக்கினார். சுமார் 2,700 ஊழியர்கள் உயிர் தப்பினர். மிஞ்சியவர்களைத் தேடி மீண்டும் மேலே ஏறிய அவர் திரும்பவில்லை.

நம் நாட்டிலும் 2018 பிப்ரவரி 13-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயா, ஜாலான் காசிங்கில் உள்ள ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தீ பரவியது. உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். உயிர்ச்சேதம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். உடனடி ஆபத்து இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

இங்கேதான் ஓர் ஓட்டை. நான்கு மாடி, மாடிக்கு நான்கு ஊழியர் என்றால் கட்டடத்தில் பதினாறு பேர். ஆனால், தனித்தனியாகப் பார்த்தால் எந்த அலுவலகத்துக்கும் ஒருங்கிணைப்பாளர் கட்டாயமில்லை. சட்டம் எண்ணுவது ஒரு முதலாளியின் ஆட்களை. தீ அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே வாடகைதாரர்கள் தாங்களே ஒன்றுகூடிப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் விடுப்பில் இருந்தால் அவருக்குப் பதில் ஒருவர். மணி அடித்ததும் எல்லாரையும் கிளப்புவது அவர் வேலை. இன்னொருவர் கழிவறை, சாமான் அறை, தொழுகை அறை ஆகியவற்றில் யாரும் இல்லை என்று உறுதிசெய்து, கதவைச் சாத்திவிட்டு வருவார், பூட்டக் கூடாது. கர்ப்பிணி, முதியவர், நடக்க முடியாதவர் ஆகியோருக்குத் துணையாகப் போக ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். முதலுதவி தெரிந்தவர் ஒருவர். 999-க்கு அழைத்து, வாசலில் நின்று பொம்பாவுக்கு வழிகாட்ட ஒருவர். கடைசியாக, வெளியே கூடும் இடத்தில் பெயர்ப் பட்டியலுடன் தலைகளை எண்ண ஒருவர். அதுதான் பட்டணத்துப் பெரட்டு. மின்தூக்கியை யாரும் பயன்படுத்தக் கூடாது. தீ சிறியதாக இருந்து, முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழியும் இருந்தால் மட்டுமே தீயணைப்புக் கருவியைத் தொடலாம்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு பூட்டால் வீணாகலாம். திருடனுக்குப் பயந்து படிக்கட்டில் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுவது நம் கடைத்தொகுதிகளில் வழக்கம். 2017 செப்டம்பர் 14-ஆம் தேதி கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி ஒன்றில் பற்றிய தீயில் 23 பேர் மாண்டனர். ஜன்னல் கிரில்கள் அவர்களுக்குத் தடையாயின. கெடாவுக்கும் இந்த வேதனை புதிதல்ல. 1989-இல் யான் மாவட்டத்தில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் ஏற்பட்ட தீ 27 மாணவிகளைப் பலிகொண்டது. ஆள் உள்ளே இருக்கும் வரை வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டிய நிலையே வரக் கூடாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மாடிக்கு ஒருவர் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, பெயர்களை எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆண்டுக்கு இரு முறையாவது எல்லாரும் இறங்கிப் பார்த்தால் மீதிப் பாதியும் முடிந்துவிடும். வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தத்தம் மாடிக்கு யார் பொறுப்பு என்று வரும் திங்கட்கிழமையே ஒவ்வோர் அலுவலகமும் கேட்கட்டும்.