ஆறு காத்த மீனவர்

ஒரு சமுதாயம் எவரைப் பாராட்டுகின்றது என்பதை நோக்கினால், அது எதனைத் தன் உயிர்நாடியாகக் கருதுகின்றது என்பது விளங்கும். நம் நாட்டிற் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. புலவருக்குப் பொன்னாடை, கலைஞருக்குப் பட்டம், ஓய்வுபெறும் ஆசிரியருக்குச் சேவைநலன் பாராட்டு என்று மாதந்தோறும் மேடைகள் எழுகின்றன. இவை வேண்டியனவே. ஆயினும், ஒரு நீர்நிலையைக் காத்தமைக்காக மாலை சூட்டப்பெற்றவரைக் காண்பது அரிது. மேல்நாடுகளிலோ ஆற்றையும் ஆற்று மீனையும் காத்தோர்க்கு நாடறிந்த பரிசுகள் உண்டு. அப்பரிசு பெற்றோரின் வரலாறுகளைப் படித்தபோது ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. மீனைக் காத்தவர் எனப் பாராட்டப் பெற்றோருட் பலர் மீன் பிடித்தவர்கள்.

கொல்பவன் எவ்வாறு காவலன் ஆவான் என்று சைவ உணவினராகிய நம்மவர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை காணச் சால்மன் என்னும் மீனின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். நமக்கு அப்பெயர் கடைத்தெருவிலே தகரப்பேணியின் மேற்றாளிற் கண்ட பெயர். குளிர்நாட்டு மக்களுக்கோ அது ஆற்றின் உயிர். சால்மன் மலையாற்றின் கூழாங்கற்களிடையே முட்டையிலிருந்து பிறக்கின்றது; சிலகாலம் நன்னீரில் வளர்ந்து கடலுக்குச் செல்கின்றது; ஆண்டுகள் சில கடலில் உலாவிப் பருத்தபின், பிறந்த ஆற்றையே நாடித் திரும்புகின்றது. தான் பிறந்த நீரின் மணத்தை நினைவிற்கொண்டே அது வழி காண்கின்றது என்பர் விஞ்ஞானிகள். வெள்ளத்தை எதிர்த்து நீந்தியும், வீழ்ச்சிகளைத் தாவிக் கடந்தும் பிறப்பிடம் சேர்ந்து முட்டையிடுகின்றது. பசிபிக் சமுத்திரத்துச் சால்மன் அத்துடன் உயிர் நீக்கின்றது. அதன் உடல் ஆற்றுக்கும் கரைவளர் மரங்களுக்கும் உரமாகின்றது.

இத்தகைய மீன் அழிவதற்கு வழிகள் பல. ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால் ஏறும் வழி அடைபடும். கரையிலுள்ள காட்டை வெட்டினால் நீர் வெப்பமுற்றுக் கலங்கும். கழிவு கலந்தாலும், கடலில் அளவின்றி வலை வீசினாலும் திரும்புவன குறையும். இவற்றை யார் முதலில் அறிவார்? ஏட்டில் எழுதுவோர்க்குத் தெரிவதற்கு முன்னரே, ஆண்டுதோறும் அதே துறையில் அதே பருவத்தில் தூண்டிலோடு நின்றவனுக்குத் தெரிந்துவிடும். சென்ற ஆண்டினும் இவ்வாண்டு மீன் குறைவு என்பதைச் சொல்லும் தகுதி அவனுக்கே உண்டு.

ஐசுலாந்து நாட்டினர் ஓரி விக்பூசன் என்பார். மீன்பிடி ஊரொன்றிற் பிறந்த வணிகர். சால்மனைத் தூண்டிலிற் பிடிப்பதிற் பெருவிருப்பினர். ஆறுகளுக்குத் திரும்பும் சால்மன் குறைந்து வருவதைக் கண்டு 1989இல் வட அத்திலாந்திக் சால்மன் நிதியத்தை நிறுவினார். கடலில் வலைவீசிச் சால்மனைப் பிடித்தோரை அவர் பகைவராக எண்ணவில்லை. அவர்கள்மேல் வழக்குத் தொடுத்து வெல்லவும் முற்படவில்லை. “உங்கள் பிடியுரிமைக்கு விலை யாது?” என்று வினவினார். பொருள் திரட்டி அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, வலைஞர் வேறு தொழில் செய்யவும் துணைநின்றார். பாரோத் தீவினரும் கிரீன்லாந்தினரும் அவரோடு உடன்படிக்கை செய்தனர். 2007இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழற் பரிசு வழங்கப்பட்டது. 2017இல் அவர் மறைந்தார். மீனைக் காக்கப் புகுவோர் மீனவரின் அடுப்பையும் எண்ணுதல் வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

இன்னொருவர் அமெரிக்காவின் வடமேற்கிலே, வாசிங்டன் மாநிலத்தில், நிசுக்குவாலி என்னும் பழங்குடியிற் பிறந்த பில்லி பிராங். 1854இல் அக்குடியினர் தம் நிலத்தை வெள்ளையர் அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான துறைகளில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டு உடன்படிக்கை செய்தனர். காலப்போக்கில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய் ஆயிற்று. தம் ஆற்றில் வலை போட்டதற்காக 1945இல் பில்லி பிராங் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 14. பின்னர் ஐம்பது தடவைக்கு மேல் அவர் கைதாகியும் வலையை விட்டாரல்லர். 1974இல் நீதிபதி போல்ட் அளித்த தீர்ப்பு, பிடிக்கத்தக்க மீனிற் பாதி பழங்குடியினருக்கு உரியது என்றது. 1979இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அத்தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. அதன் பயனாகப் பழங்குடியினர் மாநில அரசோடு ஒத்த நிலையிலிருந்து மீன்வளத்தை நிருவகிக்கும் பங்காளர் ஆயினர்.

வழக்கில் வென்றபின் பில்லி பிராங் செய்தது இன்னும் பெரிது. மீனே இல்லாத ஆற்றிற் பாதிப் பங்கு பெற்று ஆவதென்ன என்று உணர்ந்து, தம்மை எதிர்த்த அரசு அலுவலரோடும் தோட்டக்காரரோடும் ஒரே மேசையில் அமர்ந்தார். ஆற்றைச் செப்பம் செய்யும் பணியில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 2014இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு சனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டே நிசுக்குவாலி ஆற்றுமுகத்துச் சரணாலயத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. எந்த ஆற்றில் மீன் பிடித்ததற்காக ஓர் அரசு அவரைச் சிறையிலிட்டதோ, அந்த ஆற்றங்கரை இன்று அவர் பெயரால் விளங்குகின்றது.

இவை மேல்நாட்டுச் செய்திகள். நம் மரபு இதற்குப் புறம்பானதன்று. சங்ககாலத்துப் பாணரை நாம் யாழிசைத்துப் புரவலரைப் பாடியவராகவே பெரும்பாலும் அறிவோம். அவரே தூண்டில் ஏந்தி மீன் பிடித்தமையும் அந்நூல்களிலே காணலாம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில், மீன் கொடுத்து நெல் பெறும் பாண்மகளைச் சந்திக்கின்றோம். புகழைப் பாடிய வாயும் தூண்டில் பிடித்த கையும் ஒரு குடியினருடையனவாக இருந்தன. அக்குடியினரைத் தாழ்ந்தோர் என ஒதுக்கிய காலம் பின்னர் வந்தது. ஒதுக்கியபோது அவர்களிடமிருந்த நீரறிவையும் உடன் ஒதுக்கினோம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் வேறொரு செய்தியை உரைக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊரவையின் குழுக்களுள் ஏரி வாரியம் என ஒன்று இருந்தமையைக் காட்டுகின்றன. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாட்டம் என்னும் இறை உண்டு. அவ்வருவாயை அந்த ஏரியைத் தூர்வாரவும் கரை திருத்தவும் செலவிடும் வழக்கமும் இருந்தது. நீர் தந்த மீன், தன்னைத் தந்த நீரைக் காத்தது. இன்று மேல்நாடுகளிலே தூண்டிற்காரரிடம் உரிமைப் பணம் பெற்று ஆற்றைப் பேணுகின்றனர். அம்முறையின் உட்பொருளும் இதுவே.

நம் காலத்துக்கு வருவோம். காவிரியிலே மாசீர் என்னும் பெருமீன் ஒன்று உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகிலே திமில்போன்ற மேடுடையது. 1946இல் கபினியாற்றில் மைசூர் வான் இஞ்சன் குடும்பத்தினர் ஒருவர் தூண்டிலிட்டுப் பிடித்த மாசீர் 120 இறாத்தல் நிறையுடையது. ஆங்கிலேயர் காலம் முதலாக உலகெங்குமுள்ள தூண்டிற்காரர் இம்மீனை நாடிக் காவிரிக்கு வந்தனர். இத்துணைப் புகழ்பெற்ற மீனுக்கு உறுதியான விஞ்ஞானப் பெயர் 2018 வரை இருந்ததில்லை என்றால் நம்புவது கடினம். அவ்வாண்டில் வெளிவந்த ஆய்வு, தமிழ்நாட்டு மோயாற்றிற் கிடைத்த திமில் மாசீரையும், அதற்கு முன்னரே கேரளத்துப் பாம்பாற்றிற் கண்டு பெயரிடப்பட்ட மீனையும் ஒப்பிட்டு, இரண்டும் ஓரினமே என நிறுவியது. அப்பெயர் ‘தோர் இரேமாதேவி’ என்பது. இந்திய விலங்கியல் அளவைத் துறையிற் சென்னையிலிருந்து பணிபுரிந்த மீனியல் அறிஞர் இரேமாதேவி அம்மையாரைச் சிறப்பித்துச் சூட்டப்பட்ட பெயர் அது. பொன்னாடை நைந்து போகும், பட்டயம் செல்லரிக்கும். காவிரியிலே அம்மீன் நீந்துமளவும் இப்பாராட்டு நிலைக்கும். ஆனால் அவ்வினம் முற்றாக அழியும் தறுவாயிலுள்ளது என்ற அறிவிப்பும் பெயர் தெளிந்த அந்த ஆண்டிலேயே வந்தது.

அழிவை அறிந்த வகையையும் கேட்டல் நன்று. காவிரிக்கரையிலே கலிபோர் என்னுமிடத்தில் தூண்டிற்காரர் தங்கும் முகாம் ஒன்றிருந்தது. பிடித்த மீனை அளந்து, குறித்து, மீண்டும் ஆற்றில் விடுவது அவர்கள் முறை. 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அக்குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்து நோக்கினர். திமில் மாசீர் ஆண்டுக்காண்டு அருகியதும், வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகியதும் அவற்றால் வெளிப்பட்டன. ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தோடுதான் அம்மீன் குஞ்சுகள் விடப்பட்டன. அறிவோடு கூடாத நல்லெண்ணம் ஆற்றின் சொந்த மீனுக்கே கேடாயிற்று. இவ்வுண்மையை உலகறியச் செய்தவை, பொழுதுபோக்காக மீன்பிடித்தோர் நாள்தோறும் தவறாது எழுதிய வரிகள்.

இவற்றை ஒருநாள் வகுப்பிற் கூறிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லையே; நாம் எதனைக் காப்பது?” என்றான். அவன் வினாவை யான் குறைகூறேன். மருதனார்மடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலே வழுக்கையாறு ஓடுகின்றது என்பதை அவனுக்கு எவரும் காட்டியதில்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என வயல்களையும் குளங்களையும் தொடுத்து, அராலிப் பக்கத்திற் கடனீரேரியைச் சேரும் ஆறு அது. மாரியில் மட்டும் ஓடுவதாதலின், கோடையில் அதனைக் கடப்போர் வெறும் பள்ளமென்றே எண்ணுவர். பள்ளமென்று எண்ணியதாற்றான் குப்பை கொட்டவும் துணிகின்றோம்.

அதன் நீர் கடலுக்குப் போய்விடுகின்றது என்பதும் பாதி உண்மையே. குடாநாட்டின் அடியிலே சுண்ணக்கற் பாறை கிடக்கின்றது. மாரிநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகள் அந்நன்னீரையே முகக்கின்றன. ஆதலின் வழுக்கையாற்றிற் கலப்பது நம் செம்பிலும் கலக்கும். சுன்னாகத்திலே மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் நாற்றத்தை அந்நாளில் உணர்ந்து சொன்னவர்கள், அக்கிணறுகளில் நாள்தோறும் நீர் அள்ளியவர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று கனவு கண்டவரும் நம்மிடையே இருந்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் வகுத்த திட்டம் அது. கனகராயன் ஆறு கொணரும் வன்னி மழைநீரை ஆனையிறவுக் கடனீரேரியிலே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் அமைத்து உவர்நீரைத் தடுத்து, குடாநாட்டின் நிலத்தடி நீரை நன்னீராக்குதல் அதன் நோக்கம். வேலைகள் சில நடந்தன. முழுத்திட்டம் நிறைவுறாமலே பல பத்தாண்டுகள் கழிந்தன. இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் நூல் எழுதியவரும், ஈழத்துத் தமிழர் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தவருமாகிய அப்பெரியாரைத் தமிழாசிரியர் நினைவுகூர்வது கடன்.

ஆயினும், அத்திட்டத்தை மீண்டும் பேசுவோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். கடனீரேரி நன்னீராகுமாயின் உழவனுக்கு நன்மை. உவர்நீரில் வளரும் இறாலையும் மீனையும் நம்பிக் களங்கட்டி வலைகட்டி வாழும் குடும்பங்களுக்கு அது என்னாகும்? இவ்வினாவை அவர்களிடமே கேட்டல் வேண்டும். அதுவும் திட்டம் வரைந்து முடிந்தபின் அன்று, வரையத் தொடங்கும்போதே. விக்பூசன் வலைஞரிடம் விலை கேட்டார்; பில்லி பிராங் வழக்காடி மேசையில் இடம் பெற்றார். நம் கடனீரேரி மீனவரைச் சிறைவாயில் வரை நடத்தாமலே அவ்விடத்தை அளிக்கும் அறிவு நமக்கு உண்டாகட்டும். ஏரி வாரியம் கண்ட மரபினர்க்கு இது புதுமையன்று.

எங்கள் ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். மருதனார்மடம் என்னும் பெயரின் அமைப்பே ஒரு பாராட்டுரை. வழிப்போக்கர் இளைப்பாறும் மடத்தோடு ஒருவர் பெயரை இணைத்து, அதனை ஊருக்கே ஆக்கி, நாள்தோறும் பேருந்து நடத்துநர் வாயாலும் சந்தை வணிகர் வாயாலும் உரைக்கச் செய்திருக்கின்றனர் நம் முன்னோர். பிறருக்கு நிழல் தந்த பணியை அவர்கள் மறவாது போற்றினர். நீர் காக்கும் பணியையும் நாம் அவ்வாறே போற்றலாகாதா?

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கியக் கழகத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். வரும் மாரியில் வழுக்கையாற்றின் கரையிலே மாணவரை நடத்திச் செல்லுங்கள். எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்த மதகில் இப்போது ஏறுவதில்லை என்று சொல்லவல்ல முதியவர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் இருப்பார். அவர் சொல்வதை மாணவர் திகதியிட்டு எழுதி வைக்கட்டும். கலிபோர்க் குறிப்பேடு போல அதுவும் ஒருநாள் சான்றாகும். அடுத்த ஆண்டு விழாவிலே, வழக்கமாக நாம் அழைக்கும் பிரமுகரின் நாற்காலிக்கு அருகே இன்னொரு நாற்காலியிட்டு அம்முதியவரை அமர்த்துங்கள். மாலையை முதலில் அவருக்குச் சூட்டுங்கள்.