வேகம் குறைந்த கணினியும் வாசற்காவலாளியும்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தோல் கைப்பைகளும் இடைவார்களும் தைக்கும் பட்டறையை நடத்துகிறார் நம் வாடிக்கையாளர் ஒருவர். பாட்டனார் காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பம். கீழே தையல் இயந்திரங்கள். மரப்படியேறிச் சென்றால் மேலே ஒரு மேசை, அதன்மேல் ஒரு பழைய கணினி. விலைப்பட்டியல், ஜிஎஸ்டி கணக்கு, நடப்புக் கணக்கின் இணைய வங்கிச் சேவை, இரவானால் மகளின் கல்லூரிப் பாடம் அனைத்தும் அந்த ஒரு கணினியில்தான். மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதிக்கு முந்தின நாள் மாலை நாங்கள் அங்கே சென்றிருந்தோம். கணினி கண்விழிப்பதற்குள் இரண்டு முறை தேநீர் வந்துவிட்டது.

“போன மாசம் இதைவிட மோசம். ரிப்பேர் கடைப் பையன் வந்து ஆன்டிவைரஸை எடுத்துவிட்டுப் போனான். அப்புறம் கொஞ்சம் ஓடுது” என்றார் அவர்.

“அண்ணாச்சி, இதிலேதானே பேங்க் கணக்கும் பார்க்கிறீங்க?”

“ஆமா, வேற எதிலே பார்க்க?”

பழுது பார்க்க வந்தவரையோ, அதற்கு இசைந்த அண்ணாச்சியையோ நாம் குறைசொல்ல முடியாது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், அதாவது ஆன்டிவைரஸ், கணினியின் வேகத்தைக் குறைக்கும் என்பது பொய்யன்று. விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான். எவ்வளவு குறைக்கிறது, ஏன் குறைக்கிறது என்பதை அறிந்தால் அதை அகற்றாமலே வேகத்தை மீட்கலாம்.

செம்பூரின் குடியிருப்புச் சங்கங்களில் வாயிற்காவலர் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். உள்ளே வருபவர் பெயர், வீட்டு எண், வந்த நேரம் எழுதிய பின்னரே கதவு திறக்கும். ஆன்டிவைரஸ் செய்வதும் ஏறக்குறைய இதுவே. கணினியில் ஒரு கோப்பைத் திறக்க முற்படும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கிட்டு, அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, நடத்தை ஐயத்துக்குரியதா என்றும் பார்த்து, பிறகே வழிவிடுகிறது. ஏற்கெனவே சோதித்து, மாறாமல் இருக்கும் கோப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றை விரைவாக அனுப்பிவிடும். ஆகவே இந்த அன்றாடக் காவல் தரும் சுமை பெரும்பாலும் சிறியது. முழுக் கணினியையும் ஒருசேரச் சோதிக்கும் முழுச் சோதனைதான் கனமானது. அது ஒரு வளாகத்தின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து அலமாரிகளைத் திறந்து பார்ப்பது போன்றது.

அந்தச் சுமையைப் பழைய கணினி ஏன் தாங்குவதில்லை? பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு, நம் பேச்சில் ஹார்ட் டிஸ்க், பொருத்தப்பட்டிருந்தது. வினாடிக்கு 90 சுற்று என்பது கேட்பதற்கு வேகமாகத் தோன்றும். ஆனால், படிக்கும் ஊசி தட்டின் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு நகரவேண்டும். நகர்ந்தபின் வேண்டிய பகுதி சுழன்று வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும். இரண்டையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு அறுபது எழுபது இடங்களில்தான் அதனால் தொடமுடியும். சோதனை மென்பொருளோ லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் நாமும் விலைப்பட்டியலைத் திறக்கிறோம். தாதர் நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரே படிக்கட்டில் ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொள்வதுபோல் இரு வேலைகளும் அந்த ஒற்றை ஊசிக்காக மோதிக்கொள்கின்றன. நினைவகம் 4 ஜிபி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்; இடம் போதாதபோது கணினி தன் நினைவின் ஒரு பகுதியையும் அதே வன்தட்டில் எழுதி எழுதிப் படிக்கும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிக்கு இந்த அலைச்சல் இல்லை. அது வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடக்கூடியது. ஆக, குற்றவாளி என்று பெயர் வாங்குவது காவலாளி. உண்மையில் குறுகியிருப்பது படிக்கட்டு.

காவலாளியே தொல்லையாகும் இடங்களும் உண்டு. மாதுங்காவில் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அதைக் கண்டோம். கணினியோடு இலவசமாக வந்த ஓர் ஆன்டிவைரஸ், மகன் அமெரிக்காவிலிருந்து பணம் கட்டி வாங்கித் தந்த மற்றொன்று. “ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?” என்று கேட்டார். “இல்லை மாமா, ஒருத்தர் திறக்கிற பெட்டியை இன்னொருத்தரும் திறந்து பார்க்கிறார், இவர் திறந்ததை அவர் சந்தேகப்படுகிறார்” என்றோம். வேறொரு தடுப்பு மென்பொருள் வந்துவிட்டால் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து வந்த இரண்டு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதில்லை. இதில் இலவசமாக வந்ததன் காலம் முடிந்து நெடுநாளாகியிருந்தது. புதிய நச்சுநிரல்களின் பட்டியல் அதற்கு வருவதில்லை. எனினும் இடத்தையும் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தது. அத்தகையதை வழக்கமான முறையில் நீக்கினாலும் மிச்சங்கள் தங்குவதுண்டு என்பதால், அந்தந்த நிறுவனமே தனியாகத் தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

செம்பூரில் இணையவழியில் கருநாடக இசை கற்பிக்கும் அம்மையார் ஒருவரின் குறை வேறு வகை. மாலை ஆறு மணி வகுப்பில் கணினி திணறும்; இரவில் சரியாகிவிடும். முழுச் சோதனை நள்ளிரவு இரண்டு மணிக்கு என்று யாரோ வகுத்திருந்தார்கள். அந்நேரம் கணினி அணைந்திருக்கும். தவறிய கடமையைச் செய்ய, மாலையில் கணினி திறந்தவுடனே மென்பொருள் வேலையைத் தொடங்கிவிடுகிறது! நேரத்தை மதிய உணவு வேளைக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; எந்த மென்பொருள் எவ்வளவு இழுக்கிறது என்பதை அங்கேயே காணலாம். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்று தெரிவது டிஃபெண்டர்தான். அஞ்சி அதை நிறுத்திவிட வேண்டாம்.

இந்தத் தொழிலில் நம் பகுதிக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாதது. தனி உரு கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரல்களில் ஒன்றான ‘பிரெய்ன்’ 1986இல் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் தடுப்பு மென்பொருள் எழுதப் புகுந்தனர். அதுவே ‘குவிக் ஹீல்’ ஆயிற்று. சென்னையில் 1991இல் கே7 நிறுவனம் தொடங்கப்பட்டது. மும்பையில் இஸ்கேன் பிறந்தது. நடுவண் அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்னும் மையத்தின் வலைத்தளத்தில், பீடிக்கப்பட்ட கணினியைத் தூய்மைப்படுத்தும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. காவலாளியும் தவறுவதுண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே நச்சுநிரலெனக் கருதியதால், உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன.

இனித் தாராவிக்குத் திரும்புவோம். அண்ணாச்சியின் கணினியில் ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டிருந்ததோடு, அமைப்புகளுக்குள் புகுந்து டிஃபெண்டரையும் முடக்கியிருந்தார்கள். காரணம் சற்று நேரத்தில் தெரிந்தது. கணக்கெழுதும் மென்பொருளின் உரிமம் பெறாத படி ஒன்று அதில் ஏற்றப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் ‘சாவி’ நிரலை எந்தக் காவலும் உள்ளே விடாது. டிஃபெண்டரை மீட்டு, இரவு முழுவதும் சோதனை ஓடவிட்டு வந்தோம். காலையில் பார்த்தபோது, அந்தச் சாவியோடு மற்றொன்றும் வந்து அமர்ந்திருந்தது தெரிந்தது. அது விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் வகை.

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பத்துத் தையற்காரர்களின் வாரக்கூலி அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது.

முதல் வேலையாக அவருடைய கைப்பேசியிலிருந்து இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னோம். பீடிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் பதிவாகியிருக்கும். பிறகு மூன்று மாதக் கணக்கு விவரத்தை வரிவரியாகப் பார்த்தோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால்? இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறிடத்தில் இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் அவர் தெரிவித்தால், அவருக்கு இழப்பில்லை என்றது. கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது போன்ற கவனக்குறைவால் நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். எவ்வாறாயினும் முதல் அழைப்பு வங்கிக்கும், அடுத்த அழைப்பு 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உடனே போகவேண்டும். தொலைபேசியில் ஒருவர் கேட்க நாமே ஓடிபியைச் சொல்லிவிட்டால் உலகின் எந்த ஆன்டிவைரஸாலும் தடுக்க முடியாது என்பதையும் அவர் மகளிடம் சொல்லிவைத்தோம்.

கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார், இம்முறை நாங்கள் அறிமுகப்படுத்திய மற்றொரு பழுதுபார்ப்பவர். விண்டோஸ் 10க்கான இலவசப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளவும் நேர்ந்தது. வாசலில் காவலர் இருந்தும் சுவரில் விரிசல் இருந்தால் பயனில்லை. பழைய வன்தட்டின் இடத்தில் லேமிங்டன் சாலையில் வாங்கிய சிறிய எஸ்எஸ்டி. அதன் விலை, அவர் தைக்கும் நல்ல கைப்பை ஒன்று கடையில் விற்கும் விலைக்கு அருகில்தான். தனியாக ஆன்டிவைரஸ் எதுவும் வாங்கவில்லை. டிஃபெண்டர் மட்டும் விழித்திருக்கிறது, முழுச் சோதனை பட்டறை மூடியிருக்கும் ஞாயிறு நண்பகலில். கணக்கு மென்பொருளுக்கு இப்போது உரிமம் உண்டு. நினைவகத்தை 8 ஜிபி ஆக்குவது தீபாவளிக் கொள்முதல் முடிந்த பிறகு என்று தள்ளிவைத்திருக்கிறார்.

அந்த மாதக் கணக்கைத் தம் ஆடிட்டரின் அலுவலகத்துக்கு நடந்து சென்று 20ஆம் தேதி மாலை தாக்கல் செய்தார். அடுத்த மாதத்துக் கணக்கை மகள் மேல்மாடி மேசையிலிருந்தே அனுப்பியதாகத் தொலைபேசியில் சொன்னார்.