மிக்ஸி மாதிரி இரையும் கம்ப்யூட்டர்... 2,000 ரூபாய் கூலர் போதுமா?

மே மாத மதியம். ஃபேன் காற்றே அனலாக வீசும் அறையில், மகன் வீடியோ எடிட்டிங்கில் மூழ்கியிருக்கிறான். ரெண்டர் பட்டனை அழுத்திய சில நொடிகளில் கேபினெட்டுக்குள்ளிருந்து 'உய்ய்ய்' என்று இரைச்சல். "என்னடா, மிக்ஸி ஓடுற மாதிரி கத்துது? வெடிச்சுடப் போகுது, நிறுத்து!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

வெடிக்காது. ப்ராசஸர் சூடாகிறது, அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபேன் முழு மூச்சாகச் சுழல்கிறது. அதற்கும் அடங்காவிட்டால், ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் மட்டும் காணாமல் போகும்.

வீட்டிலேயே பட்ஜெட் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது ரைசன் 5 5600 ப்ராசஸர். இதன் பெட்டியிலேயே 'ரெயித் ஸ்டெல்த்' என்ற கூலரும் வந்துவிடும். இதன் உச்ச வெப்ப வரம்பு 90 டிகிரி செல்சியஸ். யூடியூப் விமர்சனங்களில் இந்த இலவசக் கூலர் பாஸ் மார்க் வாங்கிவிடும். ஆனால், அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரை உள்ள அறைகளில் நடப்பவை. எந்த ஏர் கூலராலும் அறை வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் குளிர்விக்க முடியாது. அறையில் 10 டிகிரி கூடினால், உள்ளேயும் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். வீடியோவில் 78 காட்டினால், மே மாத மதுரையில் 90-ஐ நெருங்கும்.

'அப்போ வாட்டர் கூலர் வாங்கிடலாமே?' என்று தோன்றும். அது ஏசி அல்ல. தண்ணீர் சுமந்து வரும் சூட்டையும் அதே அறைக் காற்றில்தான் கொட்ட வேண்டும். 65 வாட் ப்ராசஸருக்கு அந்தச் செலவு அநாவசியம். 120 மி.மீ ஃபேனும் நான்கு செம்புக் குழாய்களும் உள்ள டவர் கூலரே தாராளம். டீப்கூல் ஏ.ஜி 400 போன்றவை 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. பிரவுசிங், பில்லிங் மட்டும்தான் என்றால் அதுகூட வேண்டாம். இலவசக் கூலரே போதும்.

கடையில் கேட்க வேண்டியது விலையை மட்டுமல்ல, உயரத்தையும்தான். ஏ.ஜி 400-ன் உயரம் 150 மி.மீ. கேபினெட் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பக்கவாட்டுக் கதவை மூட முடியாது. ரேம் உயரமாக இருந்தால் ஃபேன் இடிக்கும். இன்டெல் 12-ம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதன் போர்டில் திருகுத் துளைகளுக்கான இடைவெளி 75 மி.மீ-லிருந்து 78 ஆக மாறிவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'பழைய ஸ்டாக், சீப்பா தர்றேன்' என்றால், பெட்டியில் '1700' என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பர்ஸைத் திறக்கவும்.

புதுக் கூலரை மாட்டுவதைவிடப் பழையதைக் கழற்றுவதுதான் கண்டம். 5600-ன் அடியில் ஊசி மாதிரி 1,331 பின்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், கூலரையும் ப்ராசஸரையும் பசை போல ஒட்டவைத்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் வளைந்தால், மிச்சம் பிடிக்க நினைத்த காசைப்போலப் பல மடங்கு போய்விடும்.

அதனால், முதலில் 10 நிமிடம் கேமோ வீடியோவோ ஓடவிட்டு பேஸ்ட்டை இளகவைக்க வேண்டும். பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகுகளைக் கழற்ற வேண்டும். கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி தளர்ந்த பிறகே தூக்க வேண்டும். இன்னொரு விஷயம்: திருகுகள் போனதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு கீழே விழுந்துவிடும். ஒரு கை அங்கே இருக்கட்டும். தம்பியின் கையாக இருந்தாலும் சரி.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். புதுக் கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்தாக வேண்டும். சிரிக்க வேண்டாம்; அதை உரிக்காமலே மாட்டிவிட்டு 'கூலர் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. திருகுகளைக் கார் சக்கரத்துக்கு நட் முடுக்குவது போல, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஃபேனின் காற்று கேபினெட்டின் பின்பக்கம் நோக்கிப் போக வேண்டும். இறக்கையைத் தாங்கும் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். வயரை போர்டில் 'சி.பி.யூ ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகவும்.

ஹெச்.டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, 10 நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிப் பார்க்கலாம். சில நொடிகளிலேயே 90-க்குத் தாவினால் குறை கூலரில் இருக்காது. பிளாஸ்டிக் தாள், தளர்ந்த திருகு, செருகாத வயர் என்று வரிசையாகப் பாருங்கள்.

நம் ஊர்த் தூசிக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வது நல்லது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கண்டபடி வேகமாகச் சுற்றி, பேரிங் போய்விடும். மறுபடியும் மிக்ஸி சத்தம்தான்!